சொல்லுக்கு ஆறு பிரேம்: காசிமேட்டுக் காட்சிகளில் ஒரு தனி ஆவர்த்தனம்

நான்கு நிமிடம் எட்டு நொடி ஓடும் வீடியோ இது. ஆதி தாளத்தில் 31 ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஓர் ஆவர்த்தனம்), மொத்தம் 5952 பிரேம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த காட்சிகளை ஒரு தனி ஆவர்த்தனத்தின், அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியின், அமைப்பில் கோத்திருக்கிறேன். மிருதங்கச் சத்தம் ஓரிடத்திலும் கிடையாது. மிருதங்கச் சொற்களின் கோவையான சொற்கட்டு முழுக்கப் படத்தில் இருக்கிறது. ஒலியில் தாளம் மட்டும் போகிறது. இந்த ஏற்பாட்டுக்கு எப்படி வந்தேன், கணக்கு எப்படிப் போட்டேன், எதை வைத்துக்கொண்டேன், எதை விட்டேன் என்பதையெல்லாம் இதே மாதிரி முயல நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இசையையும் வீடியோவையும் சேர்க்கிறோம் என்றால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஒரு பாட்டை டைம்லைனில் போட்டு, அடி விழும் இடத்திலெல்லாம் கட் செய்கிறோம். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதில் படத்துக்கென்று ஒரு கணக்கும் இல்லை. பாட்டு சொன்னதற்குத் தலையாட்டுகிறது, அவ்வளவுதான். கச்சேரியில் தனி நடக்கும்போது நம்மைப் பிடித்து உட்கார வைப்பது வேறொன்று. கையில் தாளம் மாறாமல் போய்க்கொண்டிருக்கும். மிருதங்கம் அந்தத் தாளத்தோடு ஒட்டாத கணக்கு ஒன்றை வாசித்துக்கொண்டே போகும். எங்கே போய்ச் சேரப்போகிறது என்று மனம் பதறும்போது சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். அந்தப் பதற்றமும் சேர்கையும் படத்தில் வரவேண்டுமென்றால் இரண்டு அடுக்கு வேண்டும். ஒன்று மாறாமல் எண்ண வேண்டும், இன்னொன்று அதற்குக் குறுக்கே போக வேண்டும். ரசிகருக்குக் கை இருக்கிறது, அதில் தாளம் போடுகிறார். வீடியோ பார்ப்பவர் எதை வைத்து எண்ணுவார்? இந்த வேலை முழுக்க நான் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினேன்.

பிரேம் எண்ணிப் படம் கோக்கும் வழக்கம் புதிதில்லை. வியன்னாவின் பீட்டர் குபெல்கா 1957இல் செய்த ‘அடேபார்’ குறும்படத்தில் ஷாட்டுகள் 13, 26, 52 பிரேம் என்ற மூன்று அளவுகளில்தான் வருகின்றன. ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு. விளம்பம், மத்திமம், துரிதம் என்று காலம் இரட்டிக்கும் நம் கணக்குக்குப் பழகிய யாருக்கும் அது உடனே பிடிபடும். ஆக, பிரேமை வைத்து மாத்திரையை, அதாவது தாளக் கணக்கின் சிறிய அலகை, அளக்கலாம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. எத்தனை பிரேம் ஒரு மாத்திரை என்பதுதான் முதல் முடிவு.

நொடிக்கு 24 பிரேம். ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு நொடி என்று வைத்தால் அட்சரம் 24 பிரேம். அட்சரத்தை எத்தனை மாத்திரையாக வகுக்கிறோம் என்பதுதான் நடை. சதுஸ்ர நடையில் நாலாக வகுத்தால் மாத்திரைக்கு 6 பிரேம், திஸ்ரத்தில் மூன்றாக வகுத்தால் 8 பிரேம். இரண்டும் மீதியில்லாமல் வருகின்றன. ஆதி தாளம் எட்டு அட்சரம், ஆகவே ஆவர்த்தனம் 192 பிரேம், எட்டு நொடி. கண்ட நடைக்கு 24ஐ ஐந்தால் வகுத்தால் 4.8 வரும். அரைகுறைப் பிரேம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஒரு பிரேம் முன்னே பின்னே தள்ளிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாத்திரைக்கு நாலைந்து பிரேம்தான் இருக்கிறது என்னும்போது ஒரு பிரேம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. மிருதங்கத்தில் அந்த அளவு தள்ளினால் யாரும் நடை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இந்த வீடியோவில் சதுஸ்ரமும் திஸ்ரமும் மட்டும். ஐந்தின் அழகு வேண்டுமென்றால் அதை நடையாக வைக்காமல் சொற்கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஐந்து மாத்திரைச் சொல்லான ததிகிணதொம் இருக்கவே இருக்கிறது.

கேமராவில் ஒரு விஷயம். மென்பொருளில் 24 என்றும் 23.976 என்றும் இரண்டு தேர்வு இருக்கும். பெயரளவில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஏழு பிரேம் அளவுக்கு வித்தியாசம் சேரும், அதாவது ஒரு மாத்திரைக்கும் மேல். சரியான 24ஐத் தேர்ந்தெடுத்து, டைம்லைனில் முதல் கிளிப்பைப் போடும் முன்பே அதைப் பூட்டிவிட வேண்டும். கைபேசியில் எடுத்த காட்சிகளில் பிரேம் வேகமே நிலையாக இருக்காது. வெளிச்சத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அவற்றை முதலில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வழியாக நிலையான 24க்கு மாற்றிய பிறகுதான் தொடவேண்டும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு நொடியில் வைத்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விடியுமுன் துறைமுக விளக்கொளியில் எடுத்த காட்சிகளிலும் பட்டை பட்டையாக மினுக்கல் வரவில்லை.

அடுத்தது கோர்வை, அதாவது மூன்று தடவை வாசித்துச் சமத்தில் முடிக்கும் சொற்கணக்கு. வீடியோவின் முதுகெலும்பு இதுதான். இரண்டு ஆவர்த்தனம், 64 மாத்திரை. பூர்வாங்கம் (முன்பாதி) கோபுச்ச யதியில், படிப்படியாகக் குறுகி, இறங்குகிறது:

தகதிமிதகஜொணு தாம் , , ,
திமிதகஜொணு தாம் , , ,
தகஜொணு தாம் , , ,

எட்டும் நாலும் பன்னிரண்டு, ஆறும் நாலும் பத்து, நாலும் நாலும் எட்டு. ஆக முப்பது. முன்னாலிருந்து இரண்டிரண்டு சொல்லாக உதிர்கிறது, கார்வை (‘தாம்’ ஒலித்து நிற்கும் அந்த நாலு மாத்திரை) மட்டும் மாறாமல் நிற்கிறது. உத்தராங்கம் (பின்பாதி) இதற்கு எதிர்த்திசையில், ஸ்ரோதோவஹ யதியில் விரிகிறது. ததிகிணதொம் ஒரு தடவை, இரண்டு மாத்திரை இடைவெளி, இரண்டு தடவை, மறுபடி இரண்டு மாத்திரை இடைவெளி, மூன்று தடவை. 5, 2, 10, 2, 15. கூட்டினால் 34. முப்பதும் முப்பத்திநாலும் அறுபத்திநாலு. சதுஸ்ர நடையில் 384 பிரேம், சரியாகப் பதினாறு நொடி.

மிருதங்கக்காரர்களுக்கு இது மிக எளிய கணக்கு. எளிதாக இருந்ததால்தான் எடுத்தேன். கேட்பவருக்குக் காது பழகியிருக்கிறது, சிக்கலான கணக்கையும் பிடித்துவிடுவார். பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குறைகிறது, பிறகு வளர்கிறது என்ற இரண்டே அசைவுகள் கண்ணுக்குப் புரிந்தால் போதும்.

இந்தக் கோர்வைக்கு இன்னொரு குணம் உண்டு, இதை நான் மிகவும் நேசிக்கிறேன். அதே 64 மாத்திரையைத் திஸ்ர நடையில் வாசித்தால் ஆவர்த்தனத்துக்கு 24 மாத்திரைதான். முதல் தடவை முடியும்போது இரண்டே முக்கால் ஆவர்த்தனம்கூட ஆகியிருக்காது, இரண்டும் மூன்றில் இரண்டு பங்கும்தான். சமம் எங்கோ இருக்கும், கோர்வை எங்கோ முடியும். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை முடியும்போது 192 மாத்திரை, அதாவது எட்டு ஆவர்த்தனம், சமத்தில் போய் விழும். பிரேமில் சொன்னால் 512, 1024, 1536. எதையும் திருத்தவோ ஒட்டவோ தேவையில்லை, கணக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோர்வையை மூன்று தடவை வாசிப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டென்றால் அது இங்கே கண்ணாலேயே தெரிகிறது.

படங்களுக்கு வருகிறேன். இந்தக் கோர்வையில் வேறு வேறு சொற்கள் பத்துதான்: த, க, தி, மி, ஜொ, ணு, கி, ண, தொம், தாம். கணினியில் பத்துக் கோப்புறை திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செயலை ஒதுக்கினேன். ஐஸ் பாரின் மேல் சுத்தி விழுவது ‘த’. வலை பின்னும் ஊசி கண்ணிக்குள் நுழைவது ‘தி’, நூல் இறுகுவது ‘மி’. கயிற்றை இழுக்கும் கை ‘ஜொ’, விடும் கை ‘ணு’. விசைப்படகின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் டயரில் இன்னொரு படகு வந்து முட்டுவது ‘தொம்’. முகங்களை எடுக்கவில்லை, கைகள் மட்டும். எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கையத்தான எடுக்குற, நல்லா எடு தம்பி” என்று கையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

மிருதங்கத்தில் வலந்தலைக்கும் (வலப்பக்கத் தோல்) தொப்பிக்கும் (கனத்த ஒலி தரும் இடப்பக்கத் தோல்) உள்ள வித்தியாசம் படத்திலும் தெரிய வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். வலந்தலைப் பக்கத்துச் சொற்களுக்கு வெளிச்சமான பின்னணி, செயல் சட்டத்தின் மேல்பாதியில். தொப்பிப் பக்கத்துக்கு இருட்டு, கனம், கீழ்ப்பாதி. ‘தொம்’ வரும்போது படம் சட்டென்று இறங்கிக் கனக்கிறது. ஒலி இல்லாமலே அடித்தொனி கிடைக்கிறது. நிறத்தை வைத்துச் சொற்களைப் பிரித்தும் பார்த்தேன். நீலப் பெட்டி, ஆரஞ்சுக் கயிறு என்று பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நிறம் கால் நொடியில் தாளக் கனத்தைத் தரவில்லை. வெளிச்சமும் இடமும்தான் தருகின்றன.

ஆறு பிரேம் என்பது கால் நொடி. கால் நொடியில் ஒரு படத்தை அடையாளம் காண்பது கண்ணுக்கு முடியும். ஆனால் எட்டு வெவ்வேறு படம் தொடர்ந்து வந்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு செயல் என்ற கட்டுப்பாடு. அதற்காக ஒரே கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டவும் கூடாது, அப்படிச் செய்தால் இயந்திரம் வாசித்த மாதிரி ஆகிவிடும். எந்த வித்வானும் ஒரே ‘த’வை அச்சு அசலாக இரண்டு தடவை வாசிப்பதில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் அதே செயலை, அதே கோணத்தில், பல தடவை எடுத்து வைத்துக்கொண்டேன். சுத்தி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு விதமாக விழுகிறது, ஐஸ் வேறு விதமாகத் தெறிக்கிறது. சொல் அதேதான், உயிர் புதிது.

அடி விழும் கணம் அந்த ஆறு பிரேமில் எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். வழக்கமான எடிட்டிங்கில் ஓங்குவதும் தெரியும், விழுவதும் தெரியும். இங்கே ஓங்குவதற்கு இடமில்லை. தோலில் விரல் படும் கணத்தில்தான் நாதம் பிறக்கிறது, அதற்கு முந்தி ஒன்றுமில்லை. ஆகவே முதல் பிரேமிலேயே அடி விழ வேண்டும் என்று வைத்துப் பார்த்தேன்; படம் வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஒரு பிரேம் முன்னால் விட்டு, இரண்டாவது பிரேமில் அடி விழும்படி வைத்ததும் சரியாக உட்கார்ந்தது. அந்த ஒற்றைப் பிரேமில் சுத்தி இன்னும் காற்றில் இருக்கிறது, கண்ணுக்கு அது போதுமானதாக இருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் இதையே விதியாக்கிக்கொண்டேன்.

மிக அதிகமாக உழைத்தது கார்வைக்குத்தான். முதல் வடிவத்தை மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். தொடையில் தாளம் போட்டபடியே பார்த்தார். முடிந்ததும், “சொல்லு நல்லாத் தெரியுது. கார்வை தெரியலையே, அந்த இடத்துல வேற ஏதோ வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ‘தாம்’ வரும் இடத்தில் 24 பிரேம் நீளத்துக்கு மீன் கூடை ஒன்று நகர்ந்து போகும் ஷாட் இருந்தது. நீளம் சரிதான். ஆனால் ஒரு நொடி முழுக்க உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருந்தால் கண் அதையும் எண்ணும். அது நீண்ட சொல்லாகத்தான் தெரியும், நிற்பதாகத் தெரியாது.

அசையாத படம் வைத்தால்? உறைந்த ஷாட்டை வைத்தும் பார்த்தோம். அது இன்னும் மோசம். வீடியோ நின்றுபோய்விட்டதா என்று தோன்றுகிறது. அவரே மிருதங்கத்தை மடியில் வைத்து ஒரு ‘தாம்’ வாசித்து, கையை எடுத்துக் காதைச் சாய்த்துக் காட்டினார். கார்வை என்பது நிசப்தம் இல்லை. எழுந்த நாதம் தானாகக் கரைந்து போகும் நேரம் அது. தொடக்கத்தில் முழுச் சக்தி, போகப்போகக் குறைவு, கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. படத்துக்கும் அதே வளைவு வேண்டும். தொடங்கும்போது ஓர் அசைவு இருக்க வேண்டும், 24 பிரேமுக்குள் அது தானாக அடங்க வேண்டும், நடுவில் புதிதாக எதுவும் நுழையக் கூடாது.

அப்படிப்பட்ட ஷாட்டுகளைத் தேடித்தான் தடைக்காலத்தில் போனேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற நாட்களில் கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் துறை அப்போது மெதுவாகிவிடும். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பழுதுபார்க்கும் வேலைகள் நடக்கும், வலைகளை விரித்துப் போட்டுச் சரிசெய்வார்கள். கட்டை விட்டதும் துள்ளி, ஆடி, தொங்கி நிற்கும் கயிறு. தண்ணீரில் ஒரு வாளி விழுந்த பிறகு விரிந்து சமனாகும் வளையங்கள். டயரில் மெதுவாகச் சாய்ந்து திரும்பி நிலைகொள்ளும் படகு. இவைதான் கார்வைகள். சொற்களைத் தொழில் நடக்கும் நாட்களிலும் கார்வைகளைத் தடைக்காலத்திலும் எடுத்தேன். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, கணக்கு தேடியபடி நடந்தது. ஆனால் வீடியோவில் மிகவும் பொருத்தமாக அமைந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் துறைமுகத்தின் ஒரு வருடத்திலேயே சொல்லும் கார்வையும் இருக்கின்றன.

கயிறு அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். வேகத்தைக் கூட்டி 24 பிரேமுக்குள் திணிப்பதைவிட, ஆடி அடங்கும் கட்டத்தின் கடைசி ஒரு நொடியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. திஸ்ரத்தில் அதே கார்வை 32 பிரேம் ஆகிறது, அப்போது கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். உத்தராங்கத்தின் இரண்டு மாத்திரை இடைவெளிக்கு 12 பிரேம்தான். அங்கே அசைவு அடங்க நேரம் போதாது. அதனால் ‘தொம்’மின் அதே ஷாட்டை நீட்டினேன். படகு முட்டியது, 6 பிரேம். பின்வாங்குவது, அடுத்த 12 பிரேம். கட்டே கிடையாது. தனியாக ஒரு படம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி தாளம். முதலில் அதையும் படத்திலேயே வைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஒவ்வொரு சமத்திலும் ஒரே படம், கரையில் கயிறு கட்டும் இரும்புக் குற்றி, திரும்பி வரட்டும் என்பது யோசனை. தாளத்தோடு ஒட்டிச் சீராகப் போகும் வாசிப்பான சர்வலகுவுக்கு அது அருமையாக இருந்தது. கோர்வையில் உடைந்தது. கணக்கைப் பாருங்கள்: இரண்டாம் ஆவர்த்தனத்தின் சமம் 33ஆம் மாத்திரையில் வருகிறது. பூர்வாங்கம் 30இல் முடிகிறது. 31 ‘த’, 32 ‘தி’, 33 ‘கி’. முதல் ததிகிணதொம்மின் நடுவயிற்றில் சமம் விழுகிறது. அங்கே குற்றியைக் காட்டினால் சொல் போய்விடும், காட்டாவிட்டால் தாளம் போய்விடும். கோர்வையின் அழகே சமத்தைத் தாண்டிப் போவதில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே பாதையில் வைக்க முடியாது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஒளிப்புள்ளி துடிக்கவிட்டுப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் அந்தப் புள்ளிக்கே போயிற்று.

அப்புறம்தான் ஒலியைத் தாளத்துக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையான லகுவில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும். அடுத்து இரண்டிரண்டு எண்ணிக்கையாக வரும் இரண்டு திருதத்திலும் தட்டும் வீச்சும். மூன்று வகை ஒலி போதும். தட்டுக்கு மரப்பலகை தரையில் படும் சத்தம், சமத்துக்கு அதையே கொஞ்சம் கனமாக. விரல்களுக்கு மெல்லிய நகத்தட்டல். வீச்சுக்கு ஈரத் துணியை உதறும் காற்று. எல்லாம் துறைமுகத்தில் பதிவு செய்தவை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: ஒலியாக வரும் எதுவும் படத்தில் வரக்கூடாது. சுத்தி ஐஸில் விழும் படமும் பலகைச் சத்தமும் ஒரே கணத்தில் சேர்ந்தால், அந்தச் சுத்திதான் சத்தம் போட்டது என்று மூளை உடனே முடிச்சுப் போட்டுவிடும். இரண்டு அடுக்கும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். பலகையும் துணியும் திரைக்கு வெளியிலேயே இருக்கின்றன.

ஒலிப்பதிவை 48,000 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு பிரேமுக்குச் சரியாக 2000 மாதிரி. அட்சரத்தை எங்கே வைத்தாலும் மீதி வராது. 44,100இல் பிரேமுக்கு 1837.5 வரும், அந்த அரையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கோர்ப்பதைக் கையால் செய்யவில்லை. ஒரு விரிதாளில் மாத்திரை எண், சொல், கிளிப் பெயர், அடி விழும் பிரேம், நீளம் என்று பத்திகள் வைத்தேன். அடி விழும் பிரேமிலிருந்து ஒன்று கழித்தால் கிளிப்பின் தொடக்கம், நீளத்தைக் கூட்டினால் முடிவு. டைம்லைன் இடம் முந்தைய வரியோடு கூட்டல். அதைச் சின்ன பைதான் நிரல் ஒன்று எடிட் பட்டியல் கோப்பாக மாற்றிக் கொடுத்தது, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இந்தக் கோப்பில் முடிவு நேரம் என்று எழுதும் பிரேம் அந்த ஷாட்டில் சேராது. பூஜ்யத்தில் தொடங்கி ஆறில் முடிகிறது என்றால் ஆறு பிரேம்தான். இதை மனதில் வைத்தால் கணக்கு சுத்தமாக வரும். ஒரு சொல்லின் படம் பிடிக்கவில்லை என்றால் விரிதாளில் ஒரு பெயரை மாற்றி மறுபடி ஏற்றினால் போதும், மற்ற ஆயிரம் கட்டும் அசையாது.

முழு அமைப்பு இது: சர்வலகு எட்டு ஆவர்த்தனம். பிறகு கோர்வை திஸ்ரத்தில் மூன்று தடவை, எட்டு ஆவர்த்தனம். மாறி மாறி வாசித்து நீளத்தைக் குறைத்துக்கொண்டே போகும் குறைப்பு ஐந்து. கடைசிக் கோர்வைக்கு முன் வாசிக்கும் மரபான பாடமான மோஹரா நான்கு. கடைசியாகக் கோர்வை சதுஸ்ரத்தில் மூன்று தடவை, ஆறு. கோர்வையை முன்பே ஒரு தடவை காட்டியதற்குக் காரணம் உண்டு. திஸ்ரத்தில் மாத்திரை 8 பிரேம், கண் நிதானமாகப் பழகிக்கொள்கிறது. கடைசியில் அதே கோர்வை 6 பிரேமில் வரும்போது பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள், ஆகவே வேகம் வேகமாகவே உறைக்கிறது.

குறைப்புக்கு மட்டும் திரையை இரண்டாகப் பிரித்தேன். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதைப் போல இடப்பக்கம் கைகள், வலப்பக்கம் தண்ணீர். ஒரு பக்கம் வாசிக்கும்போது மறுபக்கம் கறுப்பு. ஆளுக்கு 192 பிரேம், பிறகு 96, பிறகு 48, பிறகு 24. முதல் சுற்றுக்கு இரண்டு ஆவர்த்தனம், அடுத்ததற்கு ஒன்று, 48ஐ இரண்டு முறை மாற்றினால் ஒன்று, 24ஐ நான்கு முறை மாற்றினால் ஒன்று. ஐந்து சரியாக வந்துவிட்டது. இங்கே பதிலுக்குப் பதில் என்பது உண்மையில் நடக்க வேண்டும். கை இடமிருந்து வலமாக இழுத்தால் தண்ணீரும் அதே திசையில் ஓட வேண்டும், கை நின்ற இடத்தில் அலை தொடங்க வேண்டும். நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போனால் அது வெறும் கத்தரிப்பு. இந்த ஐந்து ஆவர்த்தனத்துக்குப் படம் பொறுக்கியதுதான் கார்வைக்கு அடுத்தபடியாக நீண்ட வேலை. மோஹராவுக்கு மாறாக எதுவும் செய்யவில்லை, பாடம் எப்படியோ அப்படியே சொல்லுக்குச் சொல் வைத்தேன்.

வெளிச்சம், இருட்டு என்று மாற்றி மாற்றி வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இணைய அணுகல் விதிகளின்படி ஒரு நொடிக்குள் மூன்று மினுக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஒளி ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மினுக்கம். 6 பிரேம் மாத்திரையில் நொடிக்கு நான்கு மாற்றம், அதாவது அதிகபட்சம் இரண்டு மினுக்கம், எல்லைக்குள் இருக்கிறது. மேல்காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில், 3 பிரேமுக்குப் போனால் நொடிக்கு எட்டு மாற்றம், நான்கு மினுக்கம், எல்லை தாண்டிவிடும். மோஹராவில் மேல்காலச் சொற்களுக்கு ஆசை இருந்தும் விட்டுவிட்டேன். யாரோ ஒருவருடைய உடம்பைவிட என் துரித காலம் பெரிதில்லை. அந்த வேகம் வேண்டும் என்பவர்கள் ஒளி வித்தியாசம் மிகக் குறைந்த படங்களை மட்டும் பயன்படுத்தலாம்.

வெளியே எடுக்கும்போது இரண்டு விஷயம் உதவின. பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கின்றன. 24 பிரேமை 60இல் காட்ட, ஒரு பிரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையுமாக மாறி மாறி வரும். 6 பிரேம் என்றால் 15 புதுப்பிப்பு, 8 பிரேம் என்றால் 20. 6, 8 என்று பிரேம் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு மாத்திரையும் சம நீளம். 5, 7 என்று ஒற்றைப்படையில் வைத்திருந்தால் ஒரு மாத்திரை நீண்டும் ஒரு மாத்திரை குறைந்தும் நடை நொண்டும். இரண்டாவது, இத்தனை கட் உள்ள வீடியோவைச் சாதாரண அமுக்கத்தில் எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டின் முதல் பிரேமும் கட்டம் கட்டமாக மங்கும். நமக்கோ அடியே இரண்டாம் பிரேமில் இருக்கிறது. ஆகவே முழுப்படப் பிரேம் ஒவ்வொரு கட்டிலும் விழும்படி நிர்ப்பந்தித்து, பிட் அளவையும் தாராளமாக உயர்த்தினேன். கோப்பு பெரிதாகிறது. ஆகட்டும்.

அரங்கில் திரும்பத் திரும்ப ஓடவிடுவதாக இருந்தால் கோப்பு 5952ஆம் பிரேமோடு முடிய வேண்டும், கூடுதலாக ஒரு பிரேமும் கூடாது. கோர்வை முடிந்து விழ வேண்டிய சமம் வீடியோவின் முதல் பிரேமில் இருக்கிறது. சர்வலகுவின் முதல் ‘தாம்’தான் கோர்வையின் அறுதி. சில கருவிகள் மறுபடி தொடங்கும்போது நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி விடுகின்றன, சரியாகச் சமத்தில். அதற்காக ஒரே கோப்பில் பல சுற்றுகளைத் தொடர்ந்து கோத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்படி தயாரித்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் காட்டும் இடங்களுக்கு வேறு கோப்பு. அதில் கடைசியில் ஒரு அட்சரம் சேர்த்து, கயிறு அடங்கும் ஷாட்டோடு முடிகிறது.

அடுத்து கண்ட நடை. அட்சரத்தை 20 பிரேம் ஆக்கினால் சதுஸ்ரத்துக்கு 5, கண்டத்துக்கு 4. வகுபடுகிறது, ஆனால் 5 ஒற்றைப்படை, திரையில் நொண்டும். 40 பிரேம் வைத்தால் சதுஸ்ரம் 10, கண்டம் 8, இரண்டும் இரட்டைப்படை. அட்சரத்துக்கு ஒன்றேமுக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல விளம்பம். அவ்வளவு நிதானமான காலத்தில் கார்வைகள் நீளும், ஆகவே இன்னும் மெதுவாக அடங்கும் அசைவுகள் வேண்டும். வரும் தடைக்காலத்துக்குள் விரிதாளைத் தயார் செய்துவிட்டால் படகுகள் கட்டிக் கிடக்கும்போதே அவற்றை எடுத்துவிடலாம்.